தூதரகத்தில் ஓர் அமாவாசை

எங்கள் நெசவாளர் சங்கத்திலிருந்தோ பக்கத்துச் சங்கத்திலிருந்தோ யாராவது வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போவதாக இருந்தால், இப்போது என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் போனது ஒரே ஒரு தடவை. அதற்குள் அனுபவசாலி ஆகிவிட்டேன். வருகிறவர்களில் நெசவாளர்களும் உண்டு, அதிகாரிகளும் உண்டு. அதிகாரிகள் வந்தால் நாற்காலி போட்டுவிட்டு நான் நின்றுகொண்டே பேசுவேன். அவர்கள் என்னையும் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் பேச்சு நீளும், நின்றால் சீக்கிரம் முடியும் என்பது என் கணக்கு.

சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பாஸ்போர்ட்டை நகல் எடுத்து ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். தூதரகம் அனுப்பிய அழைப்புக் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். விமானம் ஏறும் இடத்திலும் கேட்பார்கள், இறங்கும் இடத்திலும் கேட்பார்கள், தூதரக வாசலிலும் கேட்பார்கள். கத்தரிக்கோல், ஊசி எதுவும் கைப்பையில் வேண்டாம். தூதரக வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆகவே முக்கியமான நம்பர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் படம் எடுக்காதீர்கள். காலுக்குப் பழகிய செருப்பு போதும், புதிது வேண்டாம். இவ்வளவுதான்.

இதைக் கேட்டுக்கொண்ட பிறகு சிலர், "நீங்க தறி ஓட்டறத தூதரே வந்து பாத்தாராமே?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவருவதற்காக உள்ளே போய்விடுவேன். தூதர் வந்தது உண்மை. பார்த்ததும் உண்மை. ஆனால் அவர் பார்த்தபோது தறியில் உட்கார்ந்திருந்தது நான் இல்லை. அதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். குளிரான நாடு. அங்கே உள்ள நம் நாட்டுத் தூதரகத்தில் கைத்தறிக் கண்காட்சி வைத்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பட்டுச் சேலைகளும், அதை நெய்து காட்ட ஒரு சிறிய தறியும், அந்தத் தறியில் உட்கார ஓர் ஆளும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆளாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நன்றாக நெய்கிறவர்கள் எங்கள் சங்கத்தில் நிறையப் பேர். பாஸ்போர்ட் வைத்திருந்தது நான்தான். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போவதற்காக எடுத்து, போகாமலேயே இருந்தது.

என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கைத்தறித் துறை அதிகாரி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பம். நாங்கள் மேடம் என்போம், அவர் என்னை அண்ணா என்பார். இன்னொருவர் எங்கள் சங்க மேலாளர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் இரண்டு மொழியிலும் கிண்டல் செய்கிறவர். மேடத்துக்கு அரசுப் பயணம் என்பதால் வெள்ளை பாஸ்போர்ட். எங்கள் இருவருக்கும் சாதாரண நீலம். விமான நிலையத்தில் அவர் ஒரு வரிசையில் போக, நாங்கள் வேறு வரிசையில் நின்றோம்.

"வெள்ளைக்காரனுக்குத்தான் தனி லைன்னு நெனச்சேன்பா. வெள்ள புக்குக்கும் இருக்குது பாரு" என்றார் மேலாளர்.

புறப்படுவதற்கு முன்னால் மேடம் எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, சென்னையிலிருந்து வந்த அறிவுரைகளைப் படித்துக் காட்டினார். தூதரகத்துக்கு எத்தனை மணிக்கு முன்னால் போக வேண்டும், எந்த வாசல், யாரைப் பார்க்க வேண்டும், தூதரிடம் நாமாகக் கை நீட்டக் கூடாது, அவர் நீட்டினால் கொடுக்க வேண்டும், மூடிய காலணி அணிய வேண்டும், பத்திரிகைக்காரர்களிடம் பேசக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரிடமும் பேசக் கூடாது என்றே போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

என் வேலை நெய்வது மட்டும்தான் என்று மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். பேசுவதை அவர் பார்த்துக்கொள்வார். பாவு என்றால் என்ன, ஊடை என்றால் என்ன, சரிகை எப்படி வருகிறது என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நான் தலையைத் தூக்க வேண்டியதே இல்லை.

போய் இறங்கிய மறுநாள் தறியைப் பொருத்திப் பூட்டுவதற்காகத் தூதரகத்துக்குப் போனோம். அங்கே முதல் வேலையாகத் தப்பான வரிசையில் நின்றோம். வாசலில் நல்ல கூட்டம். மேலாளர் போய்க் கடைசியில் நின்றுகொண்டார், நாங்களும் நின்றோம். எங்களைச் சுற்றி எல்லோரும் அந்த நாட்டுக்காரர்கள். கையில் புகைப்படமும் விண்ணப்பமும் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஓர் ஊழியர் வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். தமிழர், திருநெல்வேலிப் பக்கம்.

"அண்ணே, அங்கன எதுக்கு நிக்கிய? அது இந்தியா போறதுக்கு விசா வாங்குற லைனு."

"அதான பாத்தேன். வந்த மறுநாளே நம்மள திருப்பி அனுப்பப் போறாங்கன்னு நெனச்சேன்" என்றார் மேலாளர்.

அந்தத் தம்பி எங்களைப் பக்கவாட்டில் இருந்த வாசல் வழியாகக் கூட்டிப்போனார். போனை வாங்கி ஒரு சிறிய அறையில் வைத்துப் பூட்டி எண் போட்ட வில்லை கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கோர் அட்டை. என் அட்டையில் ஆங்கிலத்தில் நெசவாளர் என்று இருந்தது.

தறி முன்பே சரக்கு விமானத்தில் வந்து, கூடத்தின் நடுவில் கட்டை கட்டையாகக் கிடந்தது. அதைப் பூட்டி, பாவு நூலை இழுத்துக் கட்டி, நான்கு விரல் அகலம் நெய்து பார்த்தேன். தரை மரம் என்பதால் மிதிக்கும்போது சத்தம் கொஞ்சம் அதிகம். மற்றபடி நன்றாகவே ஓடியது. அப்போதுதான் திருநெல்வேலித் தம்பி வந்து மேடத்திடம் சொன்னார்:

"மேடம், விழா நாளைக்கு இல்ல. தூதருக்கு வேற வேல வந்துட்டு. நாளைக்கழிச்சு காலைல வச்சிருக்காங்க."

மேடம் சரி என்றார். மேலாளர், ஒரு நாள் ஊர் சுற்றலாம் என்று சந்தோஷப்பட்டார். நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

அறைக்குத் திரும்பிய பிறகு வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் அப்போது இருட்டிவிட்டது. என் மனைவிக்கு முதலில் நான் சாப்பிட்டேனா என்று தெரிய வேண்டும். பிறகு அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். காட்டினேன். விழா தள்ளிப்போனதைச் சொன்னேன்.

"நாளன்னிக்கா?" என்றாள். போன் ஆடியது. அவள் சுவரில் மாட்டியிருந்த தேதிக் காலண்டர் பக்கம் போகிறாள் என்று தெரிந்தது. "ஏங்க, நாளன்னிக்கு அமாவாசையாச்சே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னா, காதுல விழுதா? அமாவாசைன்னு போட்டுருக்குது. ராத்திரி வரைக்கும் இருக்குது. அன்னிக்கா தறில உக்காரப் போற?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் அமாவாசை அன்று நெசவாளி தறியில் உட்காருவதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் மற்ற நாளெல்லாம் காலையிலிருந்து தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிப்பது கேட்கும். தறியைத் துடைப்போம், அறுந்த கயிற்றை மாற்றுவோம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வருவோம், மதியம் சாப்பிட்டுத் தூங்குவோம். கோயில், சாமி என்பதெல்லாம் அவரவர் வீட்டுப் பழக்கம். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற இரண்டு வீடுகளிலும் தறி உண்டு. அமாவாசைக்கு அவர்களும் உட்காருவதில்லை.

எங்கள் குடும்பத்துக்குத் தறி வந்தது என் அப்பா காலத்தில்தான். அதற்கு முன்னால் ஏனாத்தூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. வயலில் லீவு என்று ஒன்று கிடையாது. மழை பெய்தால் வேலை இல்லை, அது லீவு இல்லை, பட்டினி. அப்பா தறி வேலை கற்றுக்கொண்டு ஊருக்குள் வந்தபோது மாதத்தில் ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் சும்மா இருக்கலாம் என்பதை முதலில் நம்பவில்லையாம். முதல் அமாவாசைக்குத் தறி முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். அவர்கள் சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அப்பா ஓர் அமாவாசைகூட விட்டதில்லை. நானும் தறிக்கு உட்கார்ந்த நாளிலிருந்து விட்டதில்லை. எந்த அவசர ஆர்டர் வந்தாலும், கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்று கடைக்காரர் கெஞ்சினாலும், முந்தின நாளும் அடுத்த நாளும் விளக்கு வைத்த பிறகும் நெய்து கொடுப்பேன். அன்றைக்கு மட்டும் மாட்டேன்.

"மேடத்துகிட்ட சொல்லிடு" என்றாள் மனைவி. "வாய தொறந்து சொல்லு. தலைய சொறிஞ்சிக்கினு நிக்காத."

சொல்வதற்கு எனக்கு நடுவில் ஒரு நாள் இருந்தது. காலையில் ரொட்டி தின்னும்போது சொல்ல நினைத்தேன். மேடம் தன் ஆங்கிலப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டாக்சியில் சொல்ல நினைத்தேன். டாக்சிக்காரருக்குத் தமிழ் தெரியாது என்றாலும் மூன்றாவது ஆள் இருப்பதாகத் தோன்றியது. மதியம் மேலாளரிடம் சொன்னேன். அவரிடம் சொன்னால் அவர் போய்ச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

"இன்னாபா நீ!" என்றார் அவர். "இங்க இன்னா அமாவாச? வந்ததுலேருந்து சூரியனே வரல, நீ நிலாவ தேடிக்கினு இருக்கற."

"காலண்டர்ல போட்டிருக்குது சார்."

"அது நம்ம ஊரு காலண்டரு. இங்க விழா நடக்கச் சொல்ல அங்க மத்தியானம் தாண்டிடும். அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"ராத்திரி வரைக்கும் இருக்குதாம் சார். முடிஞ்சாலும் அன்னிக்கு முழுக்க உக்கார மாட்டோம்."

மேலாளர் என்னையே பார்த்தார். அவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான், அவர் வீட்டிலும் இதே பழக்கம்தான். அதற்கு மேல் அவரால் வாதாட முடியவில்லை. என் தோளைப் பிடித்து மேடத்தின் அறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவைத் தட்டிவிட்டு, தான் இரண்டடி பின்னால் நின்றுகொண்டார்.

சொன்னேன். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைவு.

மேடத்தின் முகம் மாறியது. "அண்ணா, என்ன இப்போ வந்து சொல்றீங்க? விழாவே தறிக்காகத்தான். தூதர் வந்து நிப்பாரு, வாங்கறவங்க வந்து நிப்பாங்க, தறி சும்மா நின்னுட்டு இருக்குமா?"

"தேதி மாறுனதுலதான் மா இப்படி ஆயிடுச்சு."

"மாறுனது நேத்தே தெரியுமே."

எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. இந்தக் கண்காட்சிக்கு எங்கள் மாவட்டத்தைச் சேர்க்க வைப்பதற்கு அவர் எத்தனை தடவை சென்னைக்குப் போய்வந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் போகாதிருந்தால் வேறு ஊர்த் தறி வந்திருக்கும். நாளைக்குத் தறி ஓடாவிட்டால் பேச்சு வாங்கப்போவது அவர்தான், நான் இல்லை. இது தெரிந்தும் மாட்டேன் என்று நிற்கிறேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வாயிலிருந்து சரி என்ற சொல் வரவில்லை.

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "தேதிய மாத்த முடியாது. ஆள மாத்தலாம்" என்றார்.

"யாரு மா?"

"நான்தான். கைத்தறி படிச்சிட்டுத்தானே வேலைக்கு வந்தேன். படிக்கறப்போ தறியில உக்கார வெச்சாங்க. அதுக்கப்பறம் உக்காந்ததில்ல. நாலு விரல் நெய்து காட்ட முடியாதா?"

"அமாவாச மா" என்றேன்.

"எனக்கு என்ன அமாவாச? நான் நெசவாளி இல்லையே. கவர்மென்ட்டு." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே நிறுத்திக்கொண்டார். "ஆனா தறியில உக்காந்துக்கினு என்னால பேச முடியாது. காலும் கையும் பாத்துக்கவே சரியா இருக்கும். பேசறது நீங்க."

பின்னால் மேலாளர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம், பேசாமல் தறியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. என் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன். சங்கத்துப் பொதுக்குழுவில் கை தூக்கும்போதுகூடப் பாதிதான் தூக்குவேன். அப்படிப்பட்டவன் ஒரு தூதர் முன்னால் பேச வேண்டும், இல்லையென்றால் அமாவாசைக்கு நெய்ய வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். கடைசியில், "பேசறேன் மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருந்தது. மேலாளர் என்னை அங்கே கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான்தான் தூதர். சொல்லு."

"சார்... இது தறி."

"அது தெரிது. கட்டிலுன்னா சொன்னேன்?"

"இது பாவு சார், நீளமா போறது. குறுக்க போறது ஊடை. இந்தக் கயித்த இழுத்தா நாடா ஓடும்."

"நாடான்னா தூதருக்கு பாவாட நாடாதான் தெரியும். வெளக்கமா சொல்லு."

"ஊடை நூல இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் எடுத்துக்கினு போற கட்டை சார். மீன் மாதிரி இருக்கும்."

"மீனு! நல்லா இருக்குதுபா. அத வெச்சுக்க. நிமிந்து பாத்து சொல்லு. என் பட்டனப் பாத்து சொல்லாத."

வழியில் நடந்துபோன ஒரு வயதானவர் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். சண்டை என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மேடம் நல்ல மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அறிவுரையில் சொன்னபடி மூடிய காலணி. புதிது. இரண்டு நாளில் குதிகாலைக் கடித்துவிட்டிருந்தது. தூதரகத்தில் தறியருகே போனதும் அதைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். காலணியோடு தறி மிதிக்கக் கூடாது என்று நான் சொல்ல நினைத்திருந்தேன், அவரே செய்துவிட்டார். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

திருநெல்வேலித் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் தமிழில் சொன்னால் அவர் ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு. "பயப்படாதீங்கண்ணே. நீங்க தப்பா சொன்னாலும் நான் சரியாச் சொல்லிருதேன்" என்றார்.

தூதர் வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளமானவர், சிரித்த முகம், வடக்கே எங்கோ சொந்த ஊர். கூடவே அந்த நாட்டுக்காரர்கள் நிறையப் பேர், துணி வாங்குகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு எல்லோரும் தறியைச் சுற்றி நின்றார்கள். தூதர் கை நீட்டினார். கொடுத்தேன்.

மேடம் மிதியை மிதித்துக் கயிற்றை இழுத்தார். நாடா ஓடியது. ஊடையை நெருக்கும் பலகையை அடித்தார். மறுபடி இழுத்தார். முதல் சில இழைகள் தளர்ந்துதான் விழுந்தன, பிறகு கை பழகிவிட்டது. நான் என் அட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சார், இது பாவு" என்று ஆரம்பித்தேன். தம்பி சொன்னார். மீன் என்ற இடத்தில் சிலர் சிரித்தார்கள், அது நல்ல சிரிப்பு. இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மேடம் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டார். நாடா தறியை விட்டுத் துள்ளிப் பறந்து மரத் தரையில் சறுக்கிக்கொண்டு போய் ஒரு வயதான அம்மாளின் காலடியில் நின்றது. உயரமான அம்மாள், வெள்ளை முடி. மேடத்தின் காது சிவந்துவிட்டது. பறக்காத நாடா எந்த வீட்டுத் தறியிலும் இல்லை என்று நான் தம்பியிடம் சொன்னேன், அவர் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். அந்த அம்மாள் குனிந்து நாடாவை எடுத்து, உள்ளே இருந்த நூல்கண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. அப்போது என் அட்டையைப் படித்தார். என்னவோ கேட்டார்.

தம்பி என் காதருகே சொன்னார். "அண்ணே, ஒங்க அட்டைல நெசவாளர்னு போட்டிருக்கு. அப்ப ஏன் அந்த மேடம் நெய்றாங்கன்னு கேக்காங்க."

தூதரும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தார். மேடம் தறியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், கை வலி என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"இன்னிக்கு எங்களுக்கு லீவுங்க" என்றேன்.

தம்பி சொன்னார். அந்த அம்மாள் மறுபடி கேட்டார்.

"யாரு லீவு குடுக்கான்னு கேக்காங்கண்ணே."

"யாரும் குடுக்கறதில்ல. நாங்களே எடுத்துக்கறது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. மாதத்தில் நிலா இல்லாத நாளில் எங்கள் ஊரில் எந்தத் தறியும் ஓடாது என்று சொன்னேன். என் அப்பா வயலில் கூலிக்குப் போனதைச் சொன்னேன், அங்கே லீவு இல்லாததைச் சொன்னேன், முதல் அமாவாசைக்கு அவர் தெரியாமல் வேலைக்குப் போய் நின்றதைச் சொன்னேன். தம்பியால் ஈடுகொடுக்க முடியவில்லை. "மெதுவாண்ணே, மெதுவா" என்றார். அதற்குள் மேடம் அந்த அம்மாளின் கையிலிருந்து நாடாவை வாங்கிப் பூட்டி மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தம் பின்னால் இருந்ததால் எனக்குச் சொந்தத் தெருவில் நின்று பேசுவது போல் இருந்தது.

முடித்ததும் தூதர் இந்தியில் தம்பியிடம் சொன்னார், தம்பி என்னிடம் சொன்னார்: "தேதிய மாத்துனது நாங்கதான், ஒங்க லீவக் கெடுத்துட்டோம்னு சொல்லுதாரு."

"கெடுக்கல சார். இன்னும் நான் தறியத் தொடல" என்றேன். தூதர் சத்தமாகச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சேலைகள் அடுக்கியிருந்த மேசைப் பக்கம் போனார். என்ன வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. அது மேலாளர் பார்த்துக்கொண்ட வேலை.

எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போன பிறகு மேடம் தறியிலேயே உட்கார்ந்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்களேன். எப்படி இருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன்.

"நடுவுல நல்லா இருக்குது மா. கரை கொஞ்சம் இழுத்துக்கினு போயிருக்குது."

"கைய பின்னாடி கட்டிக்கினு ஆபீசர் மாதிரி பாக்கறீங்க" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தொட்டுவிடுவேனோ என்று கையைக் கட்டியிருக்கிறேன். "நாளைக்குக் காலைல இத அவுத்துடுங்க. அசிங்கமா இருக்கு."

மறுநாள் காலையில் நான் அவிழ்க்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து உட்கார்ந்து நெய்தேன். விழா முடிந்த மறுநாள் என்பதால் பெரிய மனிதர்கள் யாரும் இல்லை. விசாவுக்கு வந்தவர்கள், தங்கள் எண்ணைக் கூப்பிடும் வரை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேடம் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். கண்காட்சிக் கூடத்தில் மட்டும் போன் வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். அது அடித்தது. சென்னையிலிருந்து. விழாப் படங்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

"ஆமா சார், நான்தான் சார்... நெசவாளர் வந்திருக்காரு சார்... இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். "சார், நேத்து அமாவாச சார்" என்றார். பிறகு, "சரி சார். சரி சார்."

போனை மடியில் வைத்தார்.

"திட்னாங்களா மா?"

"திட்டல. வந்து நேர்ல பாருன்னாரு." பிறகு, "பாத்துக்கலாம். நீங்க ஓட்டுங்கண்ணா" என்றார்.

ஓட்டினேன். இரண்டு நாளாகச் சும்மா இருந்த கை, நன்றாக ஓடியது. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பிப் பார்த்தபோது மேடம் நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். தறிச் சத்தத்தில் அவர் எப்படித் தூங்கினார் என்று தெரியவில்லை. மேலாளர் அவசரமாக வந்து, யாரோ வாங்குகிறவர்கள் வாசலில் வந்திருக்கிறார்கள், மேடத்தை எழுப்பு என்றார்.

"விடு சார். அவங்களுக்கு இன்னிக்கு லீவுன்னு வெச்சுக்க" என்றேன்.

"அப்ப வந்தவங்களுக்கு யாரு சொல்றது?"

தறியிலிருந்து எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டு வாசலுக்குப் போனேன். திருநெல்வேலித் தம்பி அங்கே எனக்காக நின்றுகொண்டிருந்தார்.